பலகை வீட்டில் பிறந்த இசை

பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரில், டத்தோ கிராமாட் வட்டாரத்தில், ஒரு பழைய பலகை வீடு இன்றும் நிற்கிறது. 1929ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் அங்குப் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் சூட்டிய பெயர் தெயுக்கு சக்கரியா. நாடு அவரைப் பி. ரம்லி என்று அறிந்தது. தந்தை நியா பூத்தே, அச்சே மண்ணிலிருந்து வந்த கடலோடி. தாயார் சே மா, கடலுக்கு அக்கரையிலுள்ள செபராங் பிறையைச் சேர்ந்தவர். தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் இடுவதுபோல, ரம்லியும் பூத்தே என்னும் பெயரின் முதலெழுத்தைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளியிலும் பின்னர்ப் பிரான்சிஸ் லைட் பள்ளியிலும் அவர் பயின்றார். பாடநூல் அவரை ஈர்க்கவில்லை. பாட்டும் காற்பந்தும் ஈர்த்தன. குறும்புக்காரச் சிறுவன் என்றும் பெயரெடுத்தார். பினாங்கு ஃபிரீ பள்ளியில் சேர்ந்த பிறகு, 1941 டிசம்பரில் ஜப்பானியர் ஆட்சி வந்தது. அவருடைய கல்வி தடைபட்டது. அப்போது அவருக்கு வயது 12தான்.

போர்க்காலம் பல சிறுவர்களின் எதிர்காலத்தைப் பறித்துக்கொண்டது. ரம்லியோ ஜப்பானியக் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே இசையின் அடிப்படையைக் கற்றார். போர் முடிந்ததும் முறையாக இசை பயின்று, இசைக்குறியீடுகளைப் படிக்கும் திறனையும் பெற்றார். யுகுலேலே, கித்தார், வயலின் ஆகிய கருவிகள் ஒவ்வொன்றாக அவர் கைக்கு வசப்பட்டன.

நண்பர்களோடு இசைக்குழு அமைத்து மேடையேறினார். 1947இல் மலாயா வானொலியின் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வென்றார். மறு ஆண்டு புக்கிட் மெர்தாஜாமில் நடந்த ஒரு விழாவில் அவர் பாடியதை, இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பி.எஸ். ராஜான்ஸ் கேட்டார். அக்குரல் அவரைக் கவர்ந்தது. 1948 ஆகஸ்டில், 19 வயது ரம்லி சிங்கப்பூர்த் திரைப்பட உலகில் அடியெடுத்து வைத்தார். 1950இல் வெளிவந்த 'பக்தி' படத்தில் அவரை முதன்முதலில் கதாநாயகன் ஆக்கியவர், சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன்.

சிறுவயதில் பல திசைகளிலிருந்து கேட்ட இசையை ரம்லி மறக்கவில்லை. மலாய் மரபிசையோடு ஜாஸ், ரும்பா, இந்திய மெட்டுகள் ஆகியவற்றையும் இணைத்தார். 1962இல் அவர் இயக்கிய 'இபு மெர்துவாகு' படத்தின் நாயகனே ஒரு சாக்சபோன் கலைஞன்தான். ஆனால், அவரது இறுதிக்காலம் புறக்கணிப்பிலும் பண நெருக்கடியிலும் கழிந்தது. 1973 மே 29இல், 44ஆம் வயதில், அவர் கோலாலம்பூரில் மறைந்தார். டான் ஸ்ரீ விருது 1990இல்தான் அவர் பெயருக்கு வந்து சேர்ந்தது.

அவர் பிறந்த வீட்டைத் தேசிய ஆவணக் காப்பகம் சீரமைத்துக் காத்து வருகிறது. அவ்வீடு இருக்கும் சாலையும் இன்று அவர் பெயரையே தாங்குகிறது. பள்ளிக் கதவு மூடியபோதும் கற்பதை நிறுத்தாத ஒரு சிறுவனை அச்சாலை நமக்கு நினைவூட்டுகிறது. கலைஞரை அவர் வாழும்போதே போற்ற வேண்டும் என்பதையும் அது சொல்லாமல் சொல்கிறது.