இரண்டரைச் சிலிங் துவக்கு வரியும் வீர புரன் அப்புவும்

1848 ஜூலை 28 ஆம் திகதி மாத்தளைக் கச்சேரிக்குள் நுழைந்த கூட்டம் அங்கிருந்த வரிப் பதிவேடுகளை அழித்தது. யார் வீட்டில் துவக்கு இருக்கிறது, யார் வீட்டில் நாய் இருக்கிறது, யார் கடை வைத்திருக்கிறார்கள் என்று பிரித்தானிய அரசாங்கம் காசு கேட்கத் தொடங்கி அப்போது நான்கு வாரங்கள்கூட முழுமையாகியிருக்கவில்லை. அந்தக் கூட்டத்தை நடத்திச் சென்றவர்களில் ஒருவர் மாத்தளையைச் சேர்ந்தவரும் அல்ல, கண்டி இராச்சியத்தில் பிறந்தவரும் அல்ல. அவர் மொரட்டுவையில் பிறந்த ஒரு கரையோரத்துச் சிங்களவர். பதினொரு நாட்களின் பின்னர் கண்டியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வரலாறு அவரை வீர புரன் அப்பு என்று வைத்திருக்கிறது.

மாத்தளை நகரிலும், மேற்கே யட்டவத்த பக்கத்துக் கிராமங்களிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் அந்தப் பெயரைப் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாகப் படித்திருப்பார்கள். ஒரு சிங்களத் தேசிய வீரர் என்ற அளவில் பரீட்சையோடு அவர் மறந்துபோவார். ஆனால் அவருடைய வாழ்க்கைக்குள் இருக்கும் கேள்வி இன்றும் இந்த மாவட்டத்தின் வயல்களிலும் சேனைகளிலும் உயிரோடு இருக்கிறது. ஒரு சாதாரண மனிதர் தன் வீட்டில் துவக்கு வைத்திருக்கலாமா, அதற்கு யார் அனுமதி தருவது, அந்த அனுமதிக்கு என்ன விலை என்பதுதான் அது.

மொரட்டுவையிலிருந்து ஊவாவுக்கு

அவருடைய இயற்பெயர் வீரஹென்னதிகே பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ. 1812 நவம்பர் 7 ஆம் திகதி மொரட்டுவை உயனவில் பிறந்தார். அப்போது கரையோரம் மட்டுமே பிரித்தானியர் கையில் இருந்தது. கண்டியில் இன்னும் ஓர் அரசன் இருந்தான். பிரான்சிஸ்கோவுக்கு மூன்று வயது நிரம்பும் முன்பே, 1815 இல், அந்த இராச்சியமும் போனது. 1817-18 ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது அவர் ஐந்தாறு வயதுச் சிறுவன்.

பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு வெளியேறி, இரத்தினபுரியில் சட்டத்தரணியாக இருந்த உறவினர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கதை. அங்கிருந்து ஊவாவுக்கு மாறினார். அடுத்த இருபது ஆண்டுகள் மலைநாட்டில் அலைந்து திரிந்த வாழ்க்கை. அரசாங்கத்தின் பார்வையில் அவர் ஒரு கொள்ளைக்காரர். அவரைப் பிடித்துத் தருவோருக்கு 10 பவுண் வெகுமதி அறிவிக்கப்பட்டது. கிராமத்தவர்களின் பார்வை வேறாக இருந்திருக்க வேண்டும். அந்த வெகுமதிக்காக யாரும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. 1847 இல் கண்டிப் பக்கத்தில் குன்னேபன ஆரச்சியின் மகள் பண்டார மெனிக்கேயை மணமுடித்தார்.

அவர் ஊவாவில் திரிந்த காலத்தில் அதே ஊவாவில் இன்னொரு மனிதரும் துவக்கோடு திரிந்தார். பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ். அவர் 1400 க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவருடைய துவக்குக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. யானை சுடுவது வெள்ளை அதிகாரிக்கு விளையாட்டு. காட்டுப்பன்றியிடமிருந்து குரக்கனைக் காப்பாற்றக் கிராமத்தவன் வைத்திருந்த பழைய இடியன் துவக்குக்குத்தான் மூன்றாண்டுகள் கழித்து வரி வந்தது.

வரிகள் வந்த வழி

1840 களின் தொடக்கத்தில் மலைநாடு காப்பிக்காக வெட்டித் திறக்கப்பட்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கியது. அவை தோட்டங்களாக விற்கப்பட்டன. 1847 இல் பிரித்தானியாவில் ஏற்பட்ட நிதி நெருக்கடியோடு காப்பி விலை சரிந்தது. தோட்டங்கள் மூடப்பட்டன, அரசாங்கத்தின் வருமானமும் விழுந்தது.

அந்த ஆண்டுதான் டொரிங்டன் பிரபு ஆளுநராக வந்தார். பிரித்தானியப் பிரதமர் ஜோன் ரசல் பிரபுவின் உறவினர், குடியேற்ற நிர்வாகத்தில் அனுபவம் இல்லாதவர். அவரும் 1812 இல் பிறந்தவர்தான். புரன் அப்புவின் அதே வயது.

வருமானத்தில் விழுந்த பள்ளத்தை நிரப்ப டொரிங்டன் கண்ட வழி கிராமத்தவர்களிடம் வாங்குவது. 1848 ஜூலை முதலாம் திகதி முதல் துவக்குக்கு ஆண்டொன்றுக்கு 2 சிலிங் 6 பென்ஸ் அனுமதிக் கட்டணம். நாய்க்கு ஒரு சிலிங். கடைக்கும் வண்டிக்கும் தனித்தனியே வரி. இவற்றோடு வீதிச் சட்டமும் வந்தது. வயது வந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 3 சிலிங் கட்ட வேண்டும். பிக்குகளையும் முதலில் இதில் சேர்த்தார்கள். வீதிகள் பெரும்பாலும் தோட்டங்களுக்குப் போனவை என்பதால் யாருக்காக உழைக்கிறோம் என்பது கிராமத்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

துவக்கு வரியை மட்டும் தனியாகப் பார்ப்போம். காசு கையில் புழங்காத கிராமத்தில் இரண்டரைச் சிலிங் பெரிய தொகை. நெல்லோடும் குரக்கனோடும் வாழ்ந்தவர் அதைக் காசாகத் தேட வேண்டும். அதற்கும் மேலே ஒரு பயம் இருந்தது. 1818 கிளர்ச்சிக்குப் பிறகு கண்டிப் பகுதியில் ஆயுதங்கள் பறிக்கப்பட்டதை வயதானவர்கள் மறக்கவில்லை. இன்று துவக்கை எழுதிக்கொண்டு போகிறவர்கள் நாளை வந்து பிடுங்கமாட்டார்கள் என்பதற்கு என்ன உறுதி? பாதுகாப்புக்காகச் செய்யப்படும் பதிவு என்று எந்தக் கிராமத்தவரும் அதை நம்பவில்லை. நம்பவைக்க அரசாங்கம் முயலவும் இல்லை. உண்மையில் அந்தப் பதிவுக்குப் பாதுகாப்போடு தொடர்பே இல்லை. அது வருமானம் தேடும் வழி.

பதினான்கு நாட்கள்

ஜூலை தொடக்கத்திலேயே கண்டியில் ஆயிரக்கணக்கானோர் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கொழும்பில் ஒப்சேவர் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த அயர்லாந்து வைத்தியர் கிறிஸ்தோபர் எலியட்டும் வரிகளைக் கண்டித்து எழுதினார். மனுக்களுக்குப் பலன் இல்லை.

ஜூலை 26 ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா என்பவருக்கு அரசனாக முடிசூட்டப்பட்டது. புரன் அப்பு அவருக்கு அடுத்த நிலையில் வாளேந்தியாக நியமிக்கப்பட்டார். இரண்டு நாட்களில் கூட்டம் மாத்தளையை அடைந்தது. கச்சேரி தாக்கப்பட்டது, பதிவேடுகள் அழிந்தன. அதே நேரத்தில் குருநாகலையிலும் தாக்குதல் நடந்தது. அங்கே இராணுவம் சுட்டதில் எட்டுப் பேர் இறந்தார்கள்.

கண்டியைப் பிடிப்பதுதான் திட்டம். அது நடக்கவில்லை. ஜூலை 29 ஆம் திகதி கண்டியில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கப்டன் லிலி தலைமையில் வந்த படை மாத்தளைக்கு அருகே வாரியப்பொல தோட்டத்தில் கிளர்ச்சிக்காரர்களை எதிர்கொண்டது. சண்டை நீடிக்கவில்லை.

ஏன் நீடிக்கவில்லை என்பதற்கு ஒரு பதில் துவக்கிலேயே இருக்கிறது. எந்தத் துவக்குகளுக்காக வரி கேட்டார்களோ அவை போருக்கானவை அல்ல. இடியன் துவக்கின் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்து, குண்டு போட்டு, கம்பியால் இடிக்க வேண்டும். கைதேர்ந்தவருக்கே ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையில் அரை நிமிடம் வரை போகும். மருந்தில் ஈரம் பட்டால் வெடிக்காது. பன்றி ஓடிவிட்டால் நாளை பார்த்துக்கொள்ளலாம். வரிசையாக நின்று மாறிமாறிச் சுடும் படை அப்படி ஓடிவிடாது. கூட்டத்தில் பலரிடம் அந்தத் துவக்குகூட இல்லை. வாளும் தடியும்தான் இருந்தன. கிளர்ச்சியை அடக்கியதில் படைத்தரப்பில் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்பதே இரு பக்கத்தின் பலத்தையும் சொல்லிவிடும்.

புரன் அப்பு பிடிபட்டார். இராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. 1848 ஆகஸ்ட் 8 ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 35 வயது. சாகும்போது அவர் கலங்காமல் நின்றதை ஆளுநர் டொரிங்டனே இலண்டனுக்கு எழுதிய கடிதத்தில் பதிந்திருக்கிறார். தம்புள்ளை முடிசூட்டலிலிருந்து மரணம் வரை, அவருடைய அரசியல் வாழ்க்கை மொத்தமும் பதினான்கு நாட்கள்.

இராணுவச் சட்டம் ஒக்டோபர் 10 வரை நீடித்தது. காவியுடையோடு ஒரு பிக்குவைச் சுட்டுக் கொன்றது பெரும் கொதிப்பைக் கிளப்பியது. செப்டெம்பரில் எல்கடுவையில் பிடிபட்ட கொங்காலேகொட பண்டாவின் மரண தண்டனை, கசையடியாகவும் நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டது. அவர் 1849 இல் மலாக்காவில் இறந்தார். பிரித்தானியப் பாராளுமன்றம் தெரிவுக்குழு அமைத்து விசாரித்தது. 1850 இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். அவருடைய வரிகளில் பல தளர்த்தப்பட்டன அல்லது கைவிடப்பட்டன. வீதிச் சட்டம் மட்டும் நிலைத்தது.

அதே பாதையில் வந்தவர்கள்

தம்புள்ளையிலிருந்து நாலந்தை வழியாக மாத்தளைக்கு அந்தக் கூட்டம் நடந்த பாதை நமக்குத் தெரிந்த பாதை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளால் நடந்து, காப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களின் வடக்குப் பாதை அதுதான். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் விழுந்தவர்களை அதன் ஓரத்திலேயே புதைத்தார்கள். உயிரோடு வந்து சேர்ந்தவர்களுக்கு மாத்தளைதான் மலைநாட்டின் வாசல்.

கண்டிக் கிராமத்தவர்களின் கண்ணில் காப்பித் தோட்டமும் அதில் வேலைசெய்ய வந்தவர்களும் ஒன்றாகவே தெரிந்திருக்கலாம். ஆனால் சேனையை இழந்தவரும், கடலுக்கு அப்பால் காணியற்று இங்கே வந்தவரும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள். அந்தப் புத்தகத்தின் இலாபம் இருவருக்கும் போகவில்லை. புரன் அப்புவின் கதையை மலையகத் தமிழர் தங்களுக்குத் தொடர்பில்லாத கதையாக ஒதுக்க முடியாததற்கு இந்த ஒரு காரணம் போதும்.

இன்றைய துவக்கு

இலங்கையில் துப்பாக்கிகளை இன்று ஆள்வது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுபடைக்கலன்கள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும். பயிர்ப் பாதுகாப்புக்கான துப்பாக்கிக்கு விவசாயிகள் மாவட்டச் செயலகத்தின் ஊடாக அனுமதிப்பத்திரம் பெறுகிறார்கள், ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். பிஸ்டல், ரிவோல்வர் போன்ற கைத்துப்பாக்கி வேறு கதை. அதைத் தற்காப்புக்காக வைத்திருக்கப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். உயிருக்கு அச்சுறுத்தல் இருப்பதை விண்ணப்பிப்பவர் காட்ட வேண்டும். அப்படி வழங்கப்பட்ட துப்பாக்கிகளைக்கூட மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு 2024 இல் அமைச்சு கேட்டது. கேட்டவுடன் கடையில் தெரிவுசெய்து இடுப்பில் செருகிக்கொள்ளும் பொருளாக இந்த நாட்டில் கைத்துப்பாக்கி இல்லை. முப்பதாண்டுப் போரைக் கண்ட நாட்டில் அது நல்லதும்கூட.

அனுமதியோடு வைத்திருப்பவருக்கும் பத்திரம் மட்டும் போதாது. எந்தத் துவக்கையும் குண்டு நிரம்பியதாகவே எண்ணிக் கையாள வேண்டும். சுட நினைக்காத திசைக்கு வாயைத் திருப்பக்கூடாது. குறிபார்க்கும்வரை விசையில் விரல் வைக்கக்கூடாது. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சுடக்கூடாது. வேலி ஏறும்போதும் வீட்டுக்குள் நுழையும் முன்பும் தோட்டாவைக் கழற்ற வேண்டும். துவக்கு ஓரிடத்திலும் தோட்டா வேறிடத்திலும் பூட்டுக்குள் இருக்க வேண்டும். பிள்ளைக்குத் தெரியாது என்று நாம் நினைக்கும் இடம் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்த இடம்தான்.

இவற்றில் எதையும் கட்டுத்துவக்கில் செய்ய முடியாது. இரும்புக் குழாயில் மருந்து அடைத்து, பன்றி வரும் தடத்தில் கம்பி கட்டி வைப்பது அது. விசையில் விரல் வைப்பவர் அங்கே இல்லை, கம்பியில் கால் படுவது யார் என்று பார்க்கும் கண்ணும் இல்லை. விறகுக்குப் போனவர், மாட்டைத் தேடிப் போனவர் என்று அதில் காலை இழந்தவர்களும் உயிரை இழந்தவர்களும் உண்டு. அது சட்டவிரோதம் என்பது கட்டுகிறவருக்கும் தெரியும். ஆனால் ஒரே இரவில் ஒரு போகத்துப் பயிரைப் பன்றிக்கூட்டம் கிளறிப்போட்டால், அனுமதிப்பத்திரத்துக்கு அலைந்து களைத்தவர் எதைத் தெரிவுசெய்வார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

துவக்குக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் இன்று சந்தேகத்துக்கு இடமில்லை. 1848 இல் மாத்தளையில் எரிந்த கோபமும் கட்டுப்பாட்டின் மீதானது அல்ல. கேட்காமல், விளக்காமல், உழவரின் தேவையை மதிக்காமல் விதிக்கப்பட்ட விலையின் மீதானது. பன்றியும் குரங்கும் யானையும் இறங்கும் கிராமத்துக்கு அரசு கொடுக்க வேண்டியது வேலியும், நட்டஈடும், நேரத்துக்குக் கிடைக்கும் அனுமதியும். அவை கிடைக்காத இடத்தில் சட்டப் புத்தகம் கொழும்பில் இருக்கும், கட்டுத்துவக்கு காட்டுப் பாதையில் இருக்கும்.