சேலைக்குப் புது வழி காட்டிய வங்காள மருமகள்

வங்காளத்தில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணை மணையில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இரண்டு வெற்றிலைகளால் அவள் தன் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறாள். தலையில் நெட்டியால் செய்த வெள்ளைக் கிரீடம். உடலில் சிவப்புப் பனாரஸ் பட்டு.

மணையும் வெற்றிலையும் பழைய வழக்கம். சிவப்புப் பட்டும் பழைய வழக்கம். ஆனால் அந்தப் பட்டை அவள் கட்டியிருக்கும் விதம் மட்டும் பழையது அல்ல. உள்ளே பாவாடை, மேலே ரவிக்கை, இடது தோளில் தலைப்பு. இந்தக் கட்டு வங்காளத்துக்கு வந்து சுமார் 160 ஆண்டுகள்தான் ஆகின்றன.

அதைக் கொண்டுவந்தவர் ஒரு பெண். அவர் பெயர் ஞானதாநந்தினி தேவி. மகாகவி ரவீந்திரநாத் தாகூரின் அண்ணி.

குழந்தை மணப்பெண்

ஞானதாநந்தினி 1850-ம் ஆண்டு பிறந்தார். ஊர் ஜெசூர் ஜில்லாவில் உள்ள நரேந்திரபூர். இன்று அது வங்காள தேசத்தில் இருக்கிறது.

ஏழெட்டு வயதிலேயே அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கணவர் சத்தியேந்திரநாத் தாகூர். மாமனார் மகரிஷி தேவேந்திரநாத் தாகூர். கல்கத்தாவில் ஜோராசங்கோ என்ற இடத்தில் அவர்களுக்குப் பெரிய மாளிகை இருந்தது.

சின்னஞ்சிறு மருமகள் ஒல்லியாக, சோனியாக இருந்தாள். மாமியார் சாரதா தேவி அவளை அருகில் உட்கார வைத்துக்கொள்வார். வேலைக்காரிகளைக் கூப்பிட்டு, அவள் மேனியில் நலங்கு மாவு போன்ற பூச்சுகளைத் தேய்க்கச் சொல்வார்.

அந்த வீட்டுப் பெண்கள் அந்தப்புரத்தை விட்டு வெளியே வருவதில்லை. அவர்களுடைய உடை ஒரே ஒரு சேலை. உள்பாவாடை கிடையாது. ரவிக்கையும் கிடையாது. சேலையோ மெல்லிய துணி. வீட்டுக்குள் பெண்களோடு இருக்கும்போது அது போதும். அந்நியர் முன்னால் வர முடியாது.

பெண்ணை வீட்டுக்குள் அடைத்து வைக்கப் பூட்டு வேண்டியதில்லை. உடையே பூட்டாக இருந்தது.

கொசுவலைக்குள் விருந்தாளி

சத்தியேந்திரநாத்துக்கு இது பிடிக்கவில்லை. மனைவி படிக்க வேண்டும், நாலு பேருடன் பேச வேண்டும் என்று அவர் விரும்பினார்.

அவருக்கு மனோமோகன் கோஷ் என்ற நண்பர் இருந்தார். நண்பருக்குத் தம் மனைவியைக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. பகலில் அது நடக்காத காரியம். ஆகவே ஒருநாள் இரவு நண்பரைத் திருட்டுத்தனமாக அந்தப்புரத்துக்கு அழைத்துப் போனார். இருவர் நடப்பது யாருக்கும் தெரியாமல் இருக்க, காலடிச் சத்தம் ஒன்றாகக் கேட்கும்படி இருவரும் சேர்ந்தே அடி வைத்தார்கள்.

நண்பரைக் கொசுவலைக்குள் உட்கார வைத்தார். மனைவியோ முகத்தை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தாள். நண்பருக்கும் வாய் எழவில்லை. சிறிது நேரம் இருவரும் ஊமைகளாக இருந்தார்கள். பிறகு வந்த வழியே நண்பரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

1862-ல் நண்பர்கள் இருவரும் சீமைக்குக் கப்பல் ஏறினார்கள். மறு ஆண்டு சத்தியேந்திரநாத் ஐ.சி.எஸ். பரீட்சையில் தேறினார். அப்படித் தேறிய முதல் இந்தியர் அவரே. மனைவியையும் சீமைக்கு அழைத்துக்கொள்ள விரும்பினார். தந்தை சம்மதிக்கவில்லை. வீட்டில் கொழுந்தன் ஹேமேந்திரநாத் ஞானதாநந்தினிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

என்ன உடுத்துவது?

1864-ல் சத்தியேந்திரநாத் திரும்பி வந்தார். பம்பாய் மாகாணத்தில் அவருக்கு உத்தியோகம். மனைவியையும் உடன் அழைத்துப் போகத் தீர்மானித்தார்.

இப்போது ஒரு பெரிய கேள்வி எழுந்தது. கப்பலில் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஒற்றைச் சேலையோடு எப்படிப் போவது?

பிரெஞ்சுத் தையல்காரரிடம் சொல்லிக் கீழ்நாட்டுப் பாணி என்று ஓர் உடுப்பு தைத்து வாங்கினார்கள். அது படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஞானதாநந்தினியால் அதைத் தாமாக அணிந்துகொள்ளவே முடியவில்லை. கணவர் உதவி செய்ய வேண்டியிருந்தது.

வீட்டு மருமகள் வெளிக்கட்டு வழியாக நடந்து போய் வண்டி ஏறக் கூடாது என்றார்கள். ஆகவே பல்லக்கில் வைத்தே கப்பலுக்குக் கொண்டுபோனார்கள்.

பம்பாயில் கிடைத்த வழி

பம்பாயில் மானக்ஜி கர்செட்ஜி என்ற பார்சி கனவான் வீட்டில் அவர்கள் தங்கினார்கள். அந்த வீட்டுப் பெண்கள் தாராளமாக வெளியே போய் வந்தார்கள். சேலைதான் கட்டினார்கள். ஆனால் உள்ளே சட்டையும் பாவாடையும் இருந்தன. கௌரவமாகவும் இருந்தது, நடமாட வசதியாகவும் இருந்தது.

ஞானதாநந்தினி உன்னிப்பாகக் கவனித்தார். தம் பிரச்சினைக்குக் கவுன் பதில் அல்ல என்று புரிந்துகொண்டார். சேலையை விட வேண்டியதில்லை. கட்டும் விதத்தை மாற்றினால் போதும்.

பார்சிப் பெண்கள் தலைப்பை வலது தோளில் போடுவார்கள். அவர் அதை இடது தோளுக்கு மாற்றினார். வலது கை வேலைக்கு வேண்டும் அல்லவா? சேலையோடு ரவிக்கை, உள்சட்டை, உள்பாவாடை, செருப்பு எல்லாம் சேர்ந்தன.

இடது தோளில் தலைப்புப் போடுவதும், முன்னால் கொசுவம் வைப்பதும் தென்னாட்டில் முன்பே உண்டு. ஆகவே எல்லாவற்றையும் அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. பல இடத்து வழக்கங்களில் நல்லதை எடுத்து, வெளியே போகத் துணிந்த பெண்ணுக்கு ஏற்ற உடையாக ஆக்கினார். அதுதான் அவர் பெருமை.

வீட்டில் அழுகை

1866-ல் அவர் கல்கத்தா திரும்பினார். வீட்டு வாசலில் வண்டியிலிருந்து தாமே இறங்கினார். குடும்பமே கலங்கிப் போயிற்று. சிலர் அழுதார்கள். அவரோடு பழகவே பலர் தயங்கினார்கள்.

அந்த ஆண்டு வைசிராய் லாரன்ஸ் பிரபு நடத்திய விருந்துக்கும் அவர் போனார். இந்தியப் பெண் ஒருத்தி வந்திருப்பதைப் பார்த்துப் பலர் அவரைப் போபால் பேகம் என்றே நினைத்தார்கள். தாகூர் வம்சத்தைச் சேர்ந்த பிரசன்னகுமார் தாகூரும் அங்கே இருந்தார். தம் குலத்து மருமகள் சபைக்கு வந்ததைப் பொறுக்காமல் அவர் எழுந்து போய்விட்டார்.

ஞானதாநந்தினி பின்வாங்கவில்லை. 1871-ல் வாமபோதினி என்ற பெண்கள் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார். புதுக் கட்டைக் கற்றுக்கொள்ள விரும்பும் பெண்களுக்குத் தாமே சொல்லித் தருவதாக அறிவித்தார்.

கல்கத்தா மக்கள் முதலில் அதைப் பம்பாய்க் கட்டு என்றார்கள். பிரம்ம சமாஜத்துப் பெண்கள் விரும்பி உடுத்தியதால், பிறகு பிராம்மிகா சேலை என்ற பெயர் வந்தது.

தனியாகச் சீமைக்கு

1877-ல் அவர் சீமைக்குப் போனார். கணவர் உடன் வரவில்லை. மூன்று குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு, வயிற்றில் ஒன்றைச் சுமந்துகொண்டு கடல் கடந்தார். அங்கே பிறந்த குழந்தை சில நாட்களில் இறந்தது. கைக்குழந்தையாகக் கொண்டுபோன மகனும் அங்கேயே இறந்தான். அந்தத் துயரத்தையும் தாங்கிக்கொண்டார். மறு ஆண்டு கணவரும் இளைஞர் ரவீந்திரநாத்தும் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

1883-ல் ரவீந்திரநாத்துக்குப் பெண் பார்க்கப் போனவர்களில் ஞானதாநந்தினியும் ஒருவர். மணப்பெண் மிருணாளினிக்கு அப்போது சுமார் பத்து வயது. கிராமத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணைத் தம்மோடு வைத்துக்கொண்டார். நடை உடை பழக்கினார். பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினார்கள்.

ஒருகாலத்தில் கொசுவலைக்குள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த மணப்பெண், இன்னொரு குழந்தை மணப்பெண்ணுக்கு வெளி உலகைக் காட்டினார்!

1885-ல் குழந்தைகளுக்காகப் பாலக் என்ற பத்திரிகையை நடத்தினார். தம் மகள் இந்திராவை 1892-ல் பி.ஏ. பட்டம் பெறும் அளவுக்குப் படிக்க வைத்தார்.

1941-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ரவீந்திரநாத் காலமானார். அதே ஆண்டு அக்டோபர் மாதம், 91-வது வயதில், ஞானதாநந்தினியும் கண்ணை மூடினார்.

எது பழமை? எது புதுமை?

இன்று வங்காளத்தில் சில மணப்பெண்கள் பழைய ஆட்பௌரே கட்டு கட்டிக்கொள்கிறார்கள். கொசுவம் இல்லாத அந்தக் கட்டில் சாவிக்கொத்து தோளில் தொங்கும். ஆனால் அவர்களும் ரவிக்கை போடாமல் மணையில் உட்காருவதில்லை. எந்த ரவிக்கையை அன்று புதுமை என்று சொல்லி முகம் சுளித்தார்களோ, அது இன்று பழமையோடு பழமையாகக் கலந்துவிட்டது.

கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் உடையைப் பற்றிப் பெரியவர்களுக்கும் சிறியவர்களுக்கும் வாக்குவாதம் வருவது எப்போதும் உள்ளதுதான். அப்போது ஞானதாநந்தினியை நினைத்துக்கொள்ளலாம். அவர் பழைய சேலையைத் தூக்கி எறியவில்லை. அது கட்டிப் போட்டிருந்த காலையும் கையையும் மட்டும் விடுவித்தார்.