வரிக்கு எட்டுக் கோப்பெக்

1879ஆம் ஆண்டு மாஸ்கோ சர்வகலாசாலையின் வைத்தியப் பிரிவில் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் அந்தோன் செகாவ். அஸோவ் கடற்கரையிலுள்ள தகன்ரோக் அவருக்குச் சொந்த ஊர். அங்கே மளிகைக் கடை வைத்திருந்த தகப்பனார் 1876ல் கடனுக்கு அஞ்சி மாஸ்கோவுக்கு ஓடிவிட்டார். மகனோ மூன்று ஆண்டுகள் ஊரிலேயே தங்கி, சிறுவர்களுக்குப் பாடம் சொல்லி வயிறு வளர்த்து, பள்ளிப் படிப்பை முடித்தார். பிறகு நகரசபை கொடுத்த மாதம் 25 ரூபிள் உதவிச் சம்பளத்தோடு மாஸ்கோ வந்தார். குடும்பம் அங்கே ஒரு நிலவறை வீட்டில் வாடிக் கொண்டிருந்தது. அண்ணன்மார் இருவர் இருந்தும் பாரம் இவர் தலையில் விழுந்தது. உதவிச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பிவிட்டு மீதியில் காலந்தள்ளும் நண்பர்கள் நம் விடுதியிலும் உண்டு. அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்படி, வீட்டு வாடகைக்காகத்தான் அவர் கதை எழுதத் தொடங்கினார். 1880 மார்ச்சில், 'தும்பி' என்று பொருள்படும் 'ஸ்திரெகஸா' என்ற பீட்டர்ஸ்பர்க் நகைச்சுவை வாரப் பத்திரிகை அவர் எழுத்தை முதன்முதலில் அச்சிட்டது. சம்பளம் வரிக்கு 5 கோப்பெக். சில மாதங்களில் அதே பத்திரிகை, ஆசிரியர் பதில் பகுதியிலேயே அவரை ஏளனம் செய்து கதைகளைத் தள்ளியது. வேறு பத்திரிகைகளில் எழுதிய கதைகளுக்குக் காசு வாங்கத் தம்பி மிகயீல் அலைவார். ஓர் ஆசிரியர் பணத்துக்குப் பதிலாக நாடக டிக்கெட்டோ புதுக் கால்சட்டையோ தரலாமா என்று கேட்டாராம்! தம்பியே பிற்காலத்தில் எழுதி வைத்த செய்தி இது.

1882ல் லேய்க்கின் என்பவர் நடத்திய 'அஸ்கோல்க்கி' பத்திரிகையில் இடம் கிடைத்தது. வரிக்கு 8 கோப்பெக். ஆனால் கதை சுமார் நூறு வரிக்கு மேல் போகக் கூடாது. கணக்குப் போட்டால் கதைக்கு 8 ரூபிள். வர்ணனைக்கு ஏது இடம்? நாடகக் கொட்டகையில் ஒரு குமாஸ்தா தும்முகிறான். முன்னால் இருந்த பெரிய அதிகாரிமேல் தெறிக்கிறது. மன்னிப்புக் கேட்டுக் கேட்டே அவன் செத்துப் போகிறான். 1883ல் வந்த இக்கதையில் ஒரு முழு சர்க்காரின் அச்சம் அடங்கியிருக்கிறது. இந்தச் சுருக்கத்தைக் கற்றுக் கொடுத்தவர் லேய்க்கின் என்பார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. நோயாளியைப் பார்த்து, கண்டதை மட்டும் குறித்து வைக்கும் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கும் அதில் பங்குண்டு.

ஓராண்டில் நூறு உருப்படிகளுக்கு மேல் எழுதித் தள்ளியதும் உண்டு. அவற்றின் கீழே பெரும்பாலும் 'அந்தோஷா செகோந்தே' முதலிய புனைபெயர்களே இருக்கும். சொந்தப் பெயரை வைத்திய ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். 1884ல் டாக்டர் பட்டம் பெற்றார். ருஷ்ய வைத்தியத்தின் வரலாற்றை ஆராய்ந்து நூல் எழுதவும் குறிப்புகள் சேர்த்தார். அது முற்றுப் பெறவேயில்லை. அவ்வாண்டு டிசம்பரில் இருமலோடு ரத்தம் வந்தது. டாக்டருக்கு அதன் பொருள் தெரியாதா? ஆயினும் பேனா நிற்கவில்லை.

1886 பிப்ரவரியில் சுவோரின் என்பவரின் பெரிய தினசரியில் கதை வெளியாயிற்று. சொந்தப் பெயரைப் போடும்படி சுவோரின் வற்புறுத்தினார்; ஆராய்ச்சிக்கு வைத்திருந்த பெயர் கதைக்குப் போயிற்று. மறுமாதம் கிரிகரோவிச் என்ற முதிய நாவலாசிரியர், வலியக் கடிதம் எழுதி, அவசர எழுத்தை விட்டுவிடும்படி வேண்டினார். கிழவரை மயக்கிய 'வேட்டைக்காரன்' கதை குளிக்கும் இடத்தில் உட்கார்ந்து எழுதியது என்றும், எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவிட்ட நினைவில்லை என்றும் செகாவ் பதில் எழுதினார். நம் எழுத்தாளர்களில் எத்தனை பேர் இதை ஒப்புக் கொள்வார்கள்?

அதன்பின் வேகம் குறைந்தது. 1888ல் 'ஸ்டெப்பி' என்ற நெடுங்கதை ஒரு கனத்த மாத இதழில் வந்தது. அதே ஆண்டு புஷ்கின் பரிசில் பாதி, 500 ரூபிள், கிடைத்தது.

1899ல் மார்க்ஸ் என்ற பதிப்பாளர் அவருடைய எழுத்துக்களின் உரிமையை 75,000 ரூபிளுக்கு வாங்கினார். தொகுப்புக்காகப் பழைய கதைகளைத் தேட வேண்டியிருந்தது. செகாவிடம் பலவற்றுக்குப் பிரதியே கிடையாது. சில நினைவிலும் இல்லை. நண்பர்கள் நூலகங்களில் பழைய பத்திரிகைகளைப் புரட்டிக் கையால் நகல் எடுத்து அனுப்பினார்கள். க்ஷயரோகத்தோடு யால்டாவில் இருந்த அவர், அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து, பெரும் பகுதியைத் தள்ளிவிட்டார்.