நெருப்பைத் தொழிலாக்கிய அய்ய நாடார்

தஞ்சைச் சீமையில் தீபாவளி மழையோடுதான் வரும். ஐப்பசி மாதம். வாய்க்கால்கள் நிரம்பி ஓடும். கொல்லையெல்லாம் ஈரம். ஓரத்தில் வைக்கோல் போரும் மாட்டுக் கொட்டகையும் இருக்கும். அதே கொல்லையில்தான் குழந்தைகள் மத்தாப்புக் கொளுத்துவார்கள்.

அந்த மத்தாப்புப் பெட்டி எங்கிருந்து வருகிறது? மழைக்கு ஏங்கும் சிவகாசியிலிருந்து! அந்த ஊருக்கு நெருப்புத் தொழிலைக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் அய்ய நாடார்.

கல்கத்தா பயணம்

காவிரி போல் ஓர் ஆறு சிவகாசிக்கு இல்லை. வானம் பார்த்த பூமி. விவசாயத்தை நம்பி எல்லோரும் பிழைக்க முடியாது. 1922-ம் ஆண்டில் அய்ய நாடாரும், உறவினர் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அந்தச் சமயத்தில் அன்னியத் தீப்பெட்டிகளுக்கு அரசாங்கம் வரியை உயர்த்தியிருந்தது. உள்நாட்டுச் சரக்குக்கு நல்ல காலம்!

ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வரவழைத்தார்கள். அது சரிப்படவில்லை. கைத்தொழிலாகவே செய்யத் துணிந்தார்கள். சட்டத்தில் குச்சி அடுக்குவது, மருந்தில் முக்குவது, பெட்டி ஒட்டுவது என்று ஊரே வேலையில் இறங்கியது. மழை குறைந்த ஊர் அல்லவா? குச்சியும் மருந்தும் சீக்கிரம் காய்ந்தன. ஊரின் குறையே தொழிலுக்கு வரமாயிற்று.

பிறகு இருவரும் தனித்தனியே தொழில் நடத்தினார்கள். அய்ய நாடாரின் 'அணில்' மார்க் வீடு வீடாகப் பரவியது.

தீக்குச்சியிலிருந்து வாணம்

முற்காலத்தில் எங்கே உரசினாலும் பற்றும் தீக்குச்சிகள் இருந்தன. அவற்றில் சேர்த்த வெள்ளைப் பாஸ்பரஸ் கொடிய நஞ்சு. 1913-ம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்தது. பாதுகாப்புத் தீப்பெட்டியில் மருந்து பிரிந்திருக்கிறது. ஒரு பங்கு குச்சியின் தலையில். மற்றொரு பங்கான சிவப்புப் பாஸ்பரஸ் பெட்டியின் பக்கத்தில். இரண்டும் உரசினால்தான் தீ!

தீப்பெட்டியை அடுத்து மத்தாப்பு, வாணம், வெடி எல்லாம் சிவகாசியில் உருவாயின. 1940-ம் ஆண்டு வெடிபொருள் விதிகள் வந்தன. உரிமம் கட்டாயமாயிற்று. ஆலையில் மருந்தை ஒரே இடத்தில் குவிக்கக் கூடாது. ஒன்றுக்கொன்று தள்ளிச் சிறு சிறு கொட்டகைகள். ஒவ்வொன்றிலும் சில பேர்தான். ஒன்றில் தீப்பிடித்தாலும் மற்றது தப்ப வேண்டும்.

இதை மீறிய இடங்களில் உயிர்கள் போயின. 2012-ல் முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒரு காலத்தில் குழந்தைகளும் இந்தத் தொழிலில் வேலை செய்தார்கள். அது சிவகாசியின் பெயருக்கு நேர்ந்த மாசு.

கொல்லையிலும் அதே கணக்கு

ஆலையில் உள்ள கணக்குத்தான் தஞ்சாவூர்க் கொல்லைக்கும். பெட்டியை மூடித் தூரத்தில், நனையாத இடத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்துவந்து கொளுத்த வேண்டும். புஸ்வாணத்தைச் சேற்றில் வைத்தால் சாய்ந்துவிடும். தட்டையான கல்லின் மேல் வைப்பது நல்லது. ராக்கெட் வாணத்தை வைக்கும் பாட்டில் உருளாதபடி, அதை வாளி மணலில் பாதிவரை புதைக்க வேண்டும். வாணத்தின் முனை வைக்கோல் போருக்கும் கூரைக்கும் எதிர்ப்பக்கம் பார்க்கட்டும். நீள ஊதுவத்தியால் திரியைப் பற்றவைத்து உடனே விலக வேண்டும். பற்றாத வெடியைக் குனிந்து பார்ப்பது பேராபத்து! சற்று நேரம் பொறுத்து, தண்ணீர் ஊற்றி நனைத்துவிட வேண்டும். எரிந்த கம்பி மத்தாப்பையும் தண்ணீர் வாளியில் போட வேண்டும். சிவந்திருக்கும் கம்பியை மிதித்துக் கால் வெந்த குழந்தைகள் எத்தனையோ!

அய்ய நாடார் பின்னாளில் சிவகாசி நகராட்சித் தலைவராகவும் இருந்தார். 1963-ல் அவர் நிறுவிய கல்லூரி, அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பட்டப் படிப்புக்கு அங்கே போகிறார்கள்.