தோற்று வென்றவர்

அறிவியல் மேதைகளின் வரலாற்றைப் படிக்கும்போது, தாம் எண்ணியதை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியவர்களையே நாம் மிகுதியாகக் காண்கிறோம். தாம் எண்ணியது தவறென்று தம் கையாலேயே மெய்ப்பித்தவர் ஒருவர் உண்டு. அவரே அமெரிக்க இயற்பியல் அறிஞர் ராபர்ட் மில்லிகன்.

1868-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள், இல்லினாய் மாநிலத்திலுள்ள மாரிசன் என்னும் சிற்றூரில் ஒரு பிராட்டஸ்டண்டு போதகரின் மகனாக அவர் பிறந்தார். ஓபர்லின் கல்லூரியில் அவர் விரும்பிக் கற்றது கிரேக்க மொழி. கிரேக்கப் பேராசிரியரே அவரை இயற்பியல் கற்பிக்கும்படி பணித்தாராம்! ஒரு கோடை விடுமுறை முழுவதும் பாடநூலும் கையுமாக இருந்து தாமே கற்றுத் தேர்ந்தார். 1896-இல் சிக்காகோ பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். எண்ணெய்த் துளிகளைக் கொண்டு எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தமையால் அவரது புகழ் பரவியது. ஆனால் நாங்கள் சொல்ல வந்தது அதுவன்று.

உலோகத்தின் மீது தக்க ஒளி பட்டால் எலக்ட்ரான்கள் வெளியேறும். உலோகமோ அவற்றை எளிதில் விடாது. எங்கள் விடுதி வாயிலைத் தாண்ட சிஸ்டர் கையெழுத்திட்ட சீட்டு வேண்டுமல்லவா? அதுபோல எலக்ட்ரான் வெளியேறவும் ஒரு குறைந்த அளவு ஆற்றல் வேண்டும். அதற்கு வெளியேற்று ஆற்றல் என்று பெயர். சோடியத்திற்கு அது ஏறத்தாழ 2.3 எலக்ட்ரான் வோல்ட், துத்தநாகத்திற்கு 4.3. ஆகவே கண்ணுக்குத் தெரியும் ஒளியை எத்தனை பிரகாசமாகப் பாய்ச்சினாலும் துத்தநாகம் அசையாது. புற ஊதாக் கதிரே வேண்டும்.

ஒளி சிறுசிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது என்றும், ஒரு பொட்டலத்தின் ஆற்றலில் வெளியேற்று ஆற்றல் போக எஞ்சியதே எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் என்றும் 1905-இல் ஐன்ஸ்டீன் கூறினார். ஒளி அலையே என்று உறுதியாக நம்பிய மில்லிகனுக்கு இது ஏற்கவில்லை. இதைப் பொய்யென்று காட்டவே ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பாடுபட்டார்.

சோடியம் காற்றுப் பட்டவுடன் மங்கிவிடும். அழுக்குப் பரப்பில் அளந்தால் விடை பிழையாகும். எனவே லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றையும் காற்று நீக்கிய கண்ணாடிக் கலத்துக்குள் வைத்து, உள்ளேயே ஒரு கத்தியையும் அமைத்தார். வெளியிலிருந்து மின்காந்தத்தால் கத்தியை இயக்கி, உலோகத்தின் மேற்பரப்பைச் சீவிப் புதிதாக்கினார். பின்பு ஒவ்வொரு நிற ஒளியாகப் பாய்ச்சி, எலக்ட்ரான்களைத் தடுத்து நிறுத்த எத்தனை வோல்ட் வேண்டுமென்று அளந்தார். வரைபடம் வரைந்தார். ஐன்ஸ்டீன் சொன்னபடியே நேர்கோடு!

அதன் சாய்விலிருந்து அவர் கண்ட பிளாங்க் மாறிலிக்கும் இன்றைய மதிப்புக்கும் ஒரு சதவீத வேறுபாடுகூட இல்லை. 1916-இல் அனைத்தையும் வெளியிட்டார். செய்முறை வகுப்பில் கோடு நேராக வராவிட்டால் ஒரு புள்ளியை மெல்ல நகர்த்திவிடும் எங்களுக்கு, தாம் விரும்பாத நேர்கோட்டை அவர் அப்படியே அச்சேற்றியது வியப்பாகவே இருக்கிறது.

ஆயினும் சமன்பாட்டை ஒப்புக்கொண்ட அவர், ஒளிப் பொட்டலங்களை அப்போதும் ஏற்கவில்லை. 1950-இல் வெளிவந்த தன்வரலாற்றிலோ, தம் சோதனை அவற்றை ஐயமின்றி நிலைநாட்டியதாக எழுதிவிட்டார். இது எங்களுக்குச் சற்று ஏமாற்றமே.

ஐன்ஸ்டீனின் 1921-ஆம் ஆண்டு நோபல் பரிசு இந்த ஒளிமின் விதிக்காகவே வழங்கப்பட்டது. 1923-இல் மில்லிகனும் அப்பரிசைப் பெற்றார். காஸ்மிக் கதிர்களை ஆராய நம் நாட்டுக்கும் வந்து, பெங்களூரில் கருவிகளுடன் பலூன்களைப் பறக்கவிட்டார். 1953-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள், தமது 85-ஆம் வயதில் கலிபோர்னியாவில் காலமானார்.