கொல்லா நெறியும் குன்றாத கருணையும்

சிதம்பரத்திற்கு அணித்தாகிய மருதூரில் 1823-ஆம் ஆண்டு அவதரித்தருளிய இராமலிங்க அடிகளார், எவ்வுயிரையும் தம்முயிர்போல் எண்ணிய பெருந்தகையார். சிறுதெய்வங்களுக்கென்று ஆடும் பன்றியும் கோழியும் எருமைக்கடாவும் பலியிடக் கொண்டுபோகக் கண்டபோதெல்லாம் அவர் திருவுள்ளம் நொந்து நடுங்கிற்று. பலி நிகழும் கோயில்களைக் காணவும் அஞ்சியதை இறைவன் திருமுன் பாடலாக விண்ணப்பித்துள்ளார்.

கொடுமை கண்டெழும் சினம், கொடியவரை வெறுப்பதில் முடிதல் உலகியல்பு. அடிகளாரிடத்தில் அது நெறியின் உறுதியாக நின்றது. கொலையும் புலாலும் தவிர்ந்தோரை அக இனத்தார் என்றும், தவிராதோரைப் புற இனத்தார் என்றும் வகுத்தார். 1872-ல் வடலூரில் வழிபாடு தொடங்கிய சத்திய ஞான சபையினுள் புகுதற்கு அக இனத்தாருக்கே உரிமை தந்தார். இதில் அவர் சிறிதும் தளர்ந்தாரல்லர்.

ஆயினும், புற இனத்தார் பசித்து வந்தால் அவர்தம் பசியைத் தவிர்த்தல் கடமை என்றே விதித்தார். அவ்வூரில் 1867-ல் அவர் நிறுவிய சத்திய தருமச்சாலையின் வாயிலில் பசியன்றி வேறு தகுதி வேண்டப்படவில்லை. கொலையை மறுத்த அதே கருணையே, கொன்று தின்பவனின் பசிக்கும் இரங்கிற்று.

அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிந்து, வந்தோர்க்கெல்லாம் அன்னம் அளித்து வருகின்றது.