எல்லிஸ் துரை விட்டுச்சென்ற இரு நூல்கள்: குறளும் மிராசும்

1819 மார்ச் மாதம் இராமநாதபுரத்தில் ஓர் ஆங்கிலேய அதிகாரி இறந்தார். அவருடைய நினைவாக அங்கே எழுப்பப்பட்ட கல்லில், திருக்குறளின் அறத்துப்பாலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் என்று தமிழ்ச் செய்யுளில் பொறிக்கப்பட்டது. அவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தமிழில் எல்லீசன் என்று அழைக்கப்பட்டவர், சென்னையின் ஆட்சியர்.

தமிழ் உணர்வாளர்கள் இரு நூற்றாண்டுகளாக அவரை நன்றியுடன் நினைவுகூர்கின்றனர். தலித் வரலாற்றிலும் அவருக்குத் தனி இடம் உண்டு. ஆனால் அவர் எழுதிய மற்றொரு நூலும் இருக்கிறது. அது மிராசு உரிமையைப் பற்றியது. குறளை மொழிபெயர்த்த எல்லிஸைப் பற்றிப் பேசுவோர் பலர். மிராசு நூலை எழுதிய எல்லிஸைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். பஞ்சமி நில மீட்புக்காகப் போராடுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கடல் கடந்து வந்த எழுத்தர்

1777-இல் பிறந்த எல்லிஸ், 1796-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தபோது இருபது வயதைக்கூட எட்டியிருக்கவில்லை. கம்பெனிப் பணியின் கடைசிப் படி அது. அங்கிருந்து அவர் விரைவாக உயர்ந்தார். 1798-இல் வருவாய் வாரியத்தில் உதவிச் செயலர் நிலைப் பதவி, 1801-இல் துணைச் செயலர், 1802-இல் செயலர். 1806-இல் மசூலிப்பட்டினத்தில் மாவட்ட நீதிபதி. 1809-இல் நிலச் சுங்க அதிகாரி. 1810-இல் சென்னை ஆட்சியர். இறக்கும்வரை அந்தப் பதவியிலேயே இருந்தார்.

வருவாய் வாரியத்தில் கழித்த தொடக்க ஆண்டுகளே அவரை உருவாக்கின. நிலம் யாருடையது, அதில் உழைப்பவர் யார், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பவையே அந்த அலுவலகத்தின் அன்றாடக் கேள்விகள். அவற்றுக்கு விடை தேட மொழி வேண்டும். பிற அதிகாரிகள் துபாஷிகளை நம்பியிருந்த காலத்தில், எல்லிஸ் தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் ஆகியவற்றைத் தாமே கற்றார். ஆட்சி செய்ய வந்தவர் கற்ற மொழி அது என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் அவருடைய கல்வி ஆட்சியின் தேவையோடு நின்றுவிடவில்லை.

1812-இல் சென்னையில் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. புதிதாக வரும் கம்பெனி அலுவலர்களுக்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்பிப்பது அதன் நோக்கம். அதன் மேற்பார்வைக் குழுவை வழிநடத்தியவர் எல்லிஸ். தமிழ், தெலுங்குப் புலவர்கள் அங்கே பணியில் அமர்ந்தனர், சுவடிகள் திரட்டப்பட்டன, இலக்கண நூல்கள் அச்சேறின.

அந்தச் சூழலில் இருந்தே அவருடைய புகழ்பெற்ற ஆய்வு பிறந்தது. 1816-இல் வெளியான கேம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு அவர் ஒரு முன்னுரைக் குறிப்பு எழுதினார். தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து கிளைத்தவை என்பது அன்றைய அறிஞர்களின் பொதுக் கருத்து. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் வேர்ச்சொற்களை அருகருகே வைத்து, இவை ஒரு தனிக் குடும்பம் என்று எல்லிஸ் நிறுவினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856-இல். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சான்று அச்சில் இருந்தது. வரலாற்றாய்வாளர் தாமஸ் டிரவுட்மன் இதைத் திராவிடச் சான்று என்று பெயரிட்டு விரிவாக ஆராய்ந்துள்ளார்.

கந்தப்பனின் சுவடி

குறளின் மீது எல்லிஸுக்கு இருந்த ஈடுபாடு தனித்துச் சொல்லத்தக்கது. அறத்துப்பாலின் தொடக்க அதிகாரங்களிலிருந்து 120 குறள்களை விரிவான விளக்கத்துடன் அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1818-இல் தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது சென்னையில் அவர் வெட்டுவித்த 27 கிணறுகளுள் ஒன்றான இராயப்பேட்டைக் கிணற்றின் கல்வெட்டிலும் குறள் இடம்பெற்றது.

அந்தக் குறள் அவர் கைக்கு எப்படிச் சென்றது? பண்டிதர் அயோத்திதாசர் இதற்கு விடை தந்திருக்கிறார். தம் பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராகப் பணியாற்றியதாகவும், தம் குடும்பத்தில் காக்கப்பட்டு வந்த குறள், நாலடி நானூறு ஆகியவற்றின் சுவடிகளை அவர் வழியாக எல்லிஸிடம் சேர்த்ததாகவும் அவர் தம் இதழில் எழுதினார்.

இந்தக் கூற்றின் எடையை நாம் சரியாக உணர வேண்டும். எழுத்தறிவு மறுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு சமூகத்தின் வீட்டில் ஏடுகள் இருந்தன. அவற்றின் மதிப்பை அறிந்தவர்கள் இருந்தனர். அவற்றை அச்சு யுகத்துக்குக் கடத்தியவர்களும் அவர்களே. அயோத்திதாசர் நிறுவ விரும்பியது இதைத்தான். அச்சிட்ட புலவர்களின் பெயரும் மொழிபெயர்த்த துரையின் பெயரும் வரலாற்றில் நின்றன. ஏடு கொடுத்தவரின் பெயரைப் பேரன் எழுதிவைத்ததால்தான் நாம் அறிகிறோம்.

மிராசு பற்றிய பதினேழு கேள்விகள்

இனி மற்றொரு நூலுக்கு வருவோம். மிராசு உரிமையைப் பற்றி அரசு பதினேழு கேள்விகளை எழுப்பியது. எல்லிஸ், தம் அலுவலகத்தின் சங்கரய்யாவின் துணையுடன் அவற்றுக்கு விடை எழுதினார். அது 1818-இல் அச்சிடப்பட்டது.

மிராசு என்பது பரம்பரை உரிமையைக் குறிக்கும் அரபுச் சொல். தமிழில் காணியாட்சி. செங்கற்பட்டு உள்ளிட்ட தொண்டை மண்டலத்தில் ஊரின் நிலம் முழுவதும் சில குடும்பங்களின் கூட்டு உரிமையாக இருந்தது. பெரும்பாலும் வேளாளரும் பிராமணரும் மிராசுதாரர்கள். பயிரிடும் நிலத்தில் மட்டுமன்றி, தரிசிலும் ஊர் நத்தத்திலும் அவர்கள் உரிமை கொண்டாடினர். நிலம் எல்லாம் அரசனுக்கே சொந்தம் என்ற வாதத்தை எல்லிஸ் மறுத்தார். மிராசு என்பது தொன்மையான தனியுடைமை என்பதே அவர் முடிவு. தொண்டை மண்டலத்தில் வேளாளர் குடியேறிய மரபுக் கதையையும், பழைய சாசனங்களையும் விற்பனைப் பத்திரங்களையும் அவர் ஆதாரமாகக் கொண்டார்.

ஒரு வகையில் இது குடியேற்ற அரசின் பேராசைக்கு எதிரான வாதம். நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் இங்கேயே இருக்கிறார்கள், அரசு வெறும் வரி பெறுநர்தான் என்று ஓர் ஆங்கிலேயர் சொல்வது எளிதன்று. ஆனால் அந்தச் சொந்தக்காரர்கள் யார் என்ற கேள்விக்கு அவர் ஏற்ற சாட்சியம் சொந்தக்காரர்களுடையதே. சாசனம் வைத்திருந்தவர்கள் மிராசுதாரர்கள். பத்திரம் எழுதியவர்கள் கணக்கர்கள். உழுதவர்களிடம் பத்திரம் இல்லை.

தொண்டை மண்டலத்தில் பறையரும் தஞ்சைப் பகுதியில் பள்ளரும் பண்ணையடிமைகளாக நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்ததைக் கம்பெனி அதிகாரிகள் நன்கு அறிந்திருந்தனர். எல்லிஸும் அறிந்திருந்தார். பறையர்கள் தங்களையே மண்ணின் உண்மையான உடைமையாளர்களாகக் கருதினர் என்று அவர் குறித்திருப்பதைப் பிற்கால இனவரைவியல் நூல்கள் எடுத்துக்காட்டுகின்றன. அதாவது, அந்தக் குரல் அவர் காதில் விழுந்தது. ஒருவரின் உரிமைகோரல் ஆவணமாகியது. மற்றவரின் உரிமைகோரல் ஒரு சுவையான குறிப்பாகச் சுருங்கியது.

விளைவு

எல்லிஸின் நூல் ஒன்றே தலித்துகளை நிலமற்றவர்களாக்கியது என்று சொல்வது மிகை. அவர் வருவதற்கு முன்பே சாதி அதைச் செய்து முடித்திருந்தது. ஆனால் வழக்கமாக இருந்ததற்கு வரலாற்றுச் சான்றும் சட்டத் தோற்றமும் தந்த நூல்களில் அது முதன்மையானது. 1862-இல் மிராசு தொடர்பான ஆவணங்களை அரசு தொகுத்து வெளியிட்டதே, அந்த விவாதம் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தது என்பதற்குச் சான்று.

1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு இல்லை என்றது. நிலம் மட்டும் வரவில்லை. தரிசு நிலத்துக்கு விண்ணப்பிக்கும் தர்க்காஸ்து விதிகளில் மிராசுதாரருக்கே முன்னுரிமை. சேரியைச் சேர்ந்த ஒருவர் தரிசைக் கேட்டால், மிராசுதாரர் குறுக்கே நின்று அதைத் தமக்கே கேட்கலாம். குடியிருக்கும் குடிசையின் அடிமனையும் மிராசுதாரருடையது. கூலி உயர்வு கேட்டால் வீட்டைவிட்டு வெளியேற்றம்.

இந்த நிலையை 1891-இல் அம்பலப்படுத்தியவர் செங்கற்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர். மிராசு முன்னுரிமையே தலித்துகளின் வறுமைக்கு ஒரு வேர் என்று அவர் அறிக்கை அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 நாளிட்ட அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பதன் தொடக்கம் அதுவே. சுமார் 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாக நில உரிமை இயக்கங்கள் குறிப்பிடுகின்றன. அதில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனதும், மீட்கக் கேட்டு 1994-இல் காரணையில் போராடியோர் இருவர் செங்கற்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையானதும் அண்மை வரலாறு. எல்லிஸ் ஆராய்ந்ததும், ட்ரெமென்ஹீர் அறிக்கை அளித்ததும், 1994-இல் குருதி சிந்தியதும் ஒரே செங்கற்பட்டு மண்ணில்தான்.

இராமநாதபுரத்தில் முடிவு

நாற்பது வயதுவரை தம் ஆய்வுகளை வெளியிடுவதில்லை என்று எல்லிஸ் உறுதிகொண்டிருந்தார். அந்த வயதைக் கடந்ததும் விடுப்பில் தென்பகுதிக்குப் பயணமானார். மதுரைப் பகுதியிலிருந்து இராமநாதபுரத்துக்கு வந்தார். 1803-இல் நிரந்தர ஜமீனாக மாற்றப்பட்ட சேதுபதிகளின் நாடு அது. அங்கும் உழுதவருக்கு நிலமில்லை. அங்கே அவர் இறந்தார். காலரா என்று பழைய குறிப்புகள் கூறினாலும், தவறுதலாக நஞ்சை உட்கொண்டதே காரணம் என்று பிற்கால ஆய்வுகள் தெளிவுபடுத்துகின்றன.

அவருடைய உடைமைகள் ஏலத்தில் போயின. கையெழுத்துப் படிகளைப் பாதுகாக்க எவரும் இல்லை. மதுரை ஆட்சியரின் சமையற்காரர் அவற்றைப் பல மாதங்கள் அடுப்பு மூட்டப் பயன்படுத்தினார் என்ற செய்தியைப் பின்னாளில் வால்டர் எலியட் பதிவு செய்தார். ஓர் அறிஞரின் இருபதாண்டு உழைப்பு இப்படிச் சாம்பலானது. அரசு அச்சிட்ட மிராசு நூல் பத்திரமாக இருந்தது, ஏனெனில் அது அரசுக்குத் தேவைப்பட்டது.

எல்லிஸைக் கொண்டாடவோ தூற்றவோ வேண்டிய தேவை நமக்கில்லை. தமிழின் தனித்தன்மையை அவர் கண்டார்; அதற்கான நன்றி அவருக்கு உரியது. அந்தத் தமிழுக்குள் சாதி வகுத்திருந்த உடைமைக் கோட்டை அவர் வரலாறாக ஏற்றுக்கொண்டார். அதற்கான விலையை அவர் கொடுக்கவில்லை, சேரிகள் கொடுத்தன. நல்லெண்ணமும் கல்வியும் கொண்ட அதிகாரியின் அறிக்கையும் யாரைச் சாட்சியாக அழைத்தது என்பதைப் பொறுத்தே நீதியாகிறது.

சட்டம் பயிலும் மாணவர்களுக்கும் களத்தில் நிற்கும் தோழர்களுக்கும் இதில் நேரடியான பணி இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தின் அ-பதிவேட்டையும் பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகளையும் கேட்டுப் பெறுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு உதவும். நம் ஊர்களின் முதியோர் நினைவில் உள்ள வயல் பெயர்களையும் எல்லைகளையும் எழுதிக் கையொப்பம் பெற்று வையுங்கள். கந்தப்பனின் கொடையைப் பேரன் எழுதிவைத்தார். நிலத்தின் நினைவை எழுதிவைக்க வேண்டியவர்கள் நாம்.